காலித் தட்டுக்கு ஒரு கல்

பினாங்கில் கப்பல் ஏறுவதற்கு முன் அம்மா என் பெட்டியில் இரண்டு டின் பிஸ்கட்டும் நான்கு கைலியும் ஆறு வாசனை சோப்பும் திணித்தாள். "அப்பாதான் ஊருக்குத் திரும்பிப் போகாமலே கண்ணை மூடிட்டார். நீயாவது போய் சொந்தக்காரங்க முகத்தைப் பாத்துட்டு வா" என்றாள். பயணத்துக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கைலியைத் திரும்ப எடுத்து வைத்திருப்பாள். நான் கடல் தாண்டிப் போனது ஒரு கல் பொறுக்க.

பேராக்கில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். தலைமையாசிரியை ஒரு நாள் கண்ணாடி அலமாரி ஒன்று செய்து தாழ்வாரத்தில் நிறுத்தினார். அதில் மூன்று தட்டுகள். மூன்று இனத்து ஆசிரியர்களும் தங்கள் முன்னோரின் பழம்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து ஆளுக்கொரு தட்டில் வைக்க வேண்டும் என்றார். மலாய் ஆசிரியர் யூசோப் தன் மாமனாரின் வயலில் கிடைத்த கற்கோடாரியை வைத்தார். அது இடி இடிக்கும்போது வானத்திலிருந்து விழுந்த பல் என்று அவர் ஊரில் சொல்வார்களாம். சீன ஆசிரியர் லிம் நீலப் பூப்போட்ட பீங்கான் கிண்ணம் ஒன்றின் உடைந்த பாதியை வைத்தார். நான் ஒரு பித்தளைக் குத்துவிளக்கை வைத்து, 'மிகப் பழமையானது' என்று சீட்டும் எழுதி ஒட்டினேன். மூன்றாம் நாள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் விளக்கைக் கவிழ்த்துப் பார்த்து, அடியில் ஈப்போ பாத்திரக்கடை ஒன்றின் முத்திரை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

விளக்கு வீட்டுக்குத் திரும்பியது. தட்டு காலியாகிவிட்டது. வெட்கம் தாங்காமல் வகுப்பில் நின்று, "மதராசுக்குப் பக்கத்தில், என் அப்பா பிறந்த ஊர்ப் பக்கத்தில், லட்சம் வருஷத்துக்கு முந்தைய கல்லாயுதங்கள் தரையிலேயே கிடக்கின்றன. அடுத்த லீவில் கொண்டுவருகிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். ஏதோ ஒரு பத்திரிகையில் படித்தது. பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். அதன்பிறகு தினமும் யாராவது ஒரு பிள்ளை, "நம்ம தட்டுல எப்ப சார்?" என்று கேட்காமல் இருந்ததில்லை. லிம் மட்டும் எதுவும் கேட்கமாட்டார். அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் தன் கைக்குட்டையை எடுத்து, என் காலித் தட்டைத் தூசி தட்டிவிட்டுப் போவார். பிள்ளைகள் கேட்பதைப் பொறுத்துக்கொண்டேன், இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஏழு நாள் கடலில் வாந்தி எடுத்ததைப் பற்றி எழுதப் போவதில்லை. எட்டாம் நாள் மதராஸ் துறைமுக வாசலில் என் பெரியப்பா மகன் ஏழுமலை நின்றிருந்தான். நான் அனுப்பிய போட்டோவைக் கையில் பிடித்து, வருகிறவர்கள் முகத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாத்தே, நீதானா? படத்துல ஒல்லியா கீறியே."

"அது கல்யாணத்துக்கு முன்னால எடுத்ததுலா."

"லா-வா? அது இன்னா லா?" என்றவன், அன்று முழுக்க நான் வாயைத் திறந்தபோதெல்லாம் என் வாக்கியத்தின் முடிவில், எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிவரும் அந்த லா-வுக்காகக் காத்திருந்தான். எனக்குத் தமிழ் தெரியும் என்று முப்பத்தெட்டு வருஷமாக நம்பியிருந்தேன். "நாஷ்டா துன்னியா?" என்று அவன் கேட்டபோது, நாஷ்டா என்பது ஏதோ பலகாரம் என்று நினைத்து, "இல்லை, பழக்கமில்லை" என்றேன். காலையில் சாப்பிடும் பழக்கம் இல்லாத ஆள் என்று அவன் எடுத்துக்கொண்டதால் மத்தியானம்வரை பட்டினி கிடந்தேன்.

திருநின்றவூருக்குப் போகும் கரிவண்டியில் கூட்டம் நெரிந்தது. ஆச்சரியமாக ஜன்னலோர இடம் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. பாய்ந்து உட்கார்ந்தேன். வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் அந்த இடம் ஏன் காலியாக இருந்தது என்று தெரிந்துவிட்டது. என்ஜினிலிருந்து வந்த கரித்தூள் நேராக என் வலது கண்ணில் விழுந்தது. எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்கார அம்மாள் எழுந்து வந்து, என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "ஊருக்குப் புச்சா? வாய மூடிகினு கண்ணத் தொற" என்று சொல்லி, முந்தானை முனையால் ஒரே இழுப்பில் தூளை எடுத்துவிட்டாள். நன்றி சொல்வதற்குள் அம்பத்தூரில் இறங்கிப் போய்விட்டாள்.

எங்கள் குடும்பம் பூந்தமல்லிப் பக்கம் மற்றவர்கள் வயலில் நாற்று நட்ட குடும்பம். என் அப்பா அதை விட்டுக் கப்பலேறி ரப்பர் மரம் சீவப் போனார். பெரியப்பா இங்கேயே இருந்தார். அவர் மகன் ஏழுமலைக்கு இப்போது சேற்றில் வேலையில்லை. மண்ணூர்பேட்டையில் டின்களுக்கு மூடி அடிக்கும் பட்டறையில் வேலை, வாடகை குறைவு என்று திருநின்றவூர் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. அவன் மனைவி செண்பகம் எனக்காகக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்திருந்தாள். சின்ன வயதில் நாங்கள் சோற்றை மிச்சம் வைத்தால், "ஊர்ல களிதான்டா துன்னோம்" என்று அப்பா மிரட்டுவார். அந்தக் களி இவ்வளவு ருசியாக இருக்கும் என்பதை அவர் ஏன் எங்களிடம் மறைத்தார் என்று தெரியவில்லை. மூன்று உருண்டை சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் காலை நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். "ரொம்பப் பழைய காலத்து ஆயுதம் ஒண்ணு வேணும். மனுஷன் கையால செஞ்சது."

"பழ்ய சாமான் தானே? இதுக்கா யோசிச்சிகினு இருந்தே? வா அண்ணாத்தே" என்று ஏழுமலை கிளம்பினான். நேராக அம்பத்தூரில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒரு காயலாங்கடை முன் கொண்டுபோய் நிறுத்தினான்.

கடைக்காரர் என் தேவையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனரோடு வந்தார். "வெள்ளக்காரன் காலத்துது. சண்டை நடக்க சொல்ல ஆவடில மிலிட்டிரிக்காரன் வுட்டுட்டுப் போனான்." இதைவிடப் பழையது வேண்டும் என்றேன். சாவியில்லாத ஒரு பூட்டைக் கொண்டுவந்து, நவாபு காலத்தது என்றார். இன்னும் பழையது, மனிதனுக்கு இரும்பே தெரியாத காலத்தது என்று விளக்கினேன். அவர் என்னையும் தன் கடையையும் மாறி மாறிப் பார்த்தார். "இரும்பு இல்லாத காலத்துல காயலாங்கட எங்க சார் இருந்திருக்கும்? என்னாண்ட வந்து கேக்கறியே" என்றார். ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஏழுமலை விடுவதாக இல்லை. ஆவடிக்குக் கூட்டிப்போய், கூரையில்லாமல் வரிசையாக நின்ற செங்கல் கொட்டகைகளைக் காட்டினான். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தது. உள்ளே இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. "இத்த விட பழ்சு இந்தப் பக்கத்துலயே கெடையாது" என்றான் பெருமையாக. எல்லாம் உலக யுத்தத்தின்போது கட்டியது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். என்னைவிட வயதில் சின்ன இடிபாட்டை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஆடுகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் போட்டுவிட்டுத் திரும்பினோம்.

இவனுக்குப் பொருளைக் கண்ணால் காட்டாமல் வேலை நடக்காது என்று மூன்றாம் நாள் பட்டணத்து மியூசியத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். தேடியது கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தது. பழுப்பு நிறக் கற்கள். ஒவ்வொன்றும் நீளவாக்கில் அறுத்த மாங்காய் அளவு, ஒரு பக்கம் கூர், இரண்டு முகத்திலும் செதில் செதிலாகப் பெயர்த்த தடம், மூலையில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். எனக்குப் புல்லரித்தது. ஏழுமலை கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பார்த்தான்.

"இதுவா? இதுக்கா கப்பலேறி வந்தே? இத்தால நான் சின்ன வயசுல மாங்கா அடிச்சிகீறேன்."

அங்கே நின்ற காவலாளி சிரித்தார். "உண்மையா இருக்கும் தம்பி. மேக்கால செம்மண் பள்ளம் எங்க தோண்டுனாலும் இது வருதாம். பெரிய ஆபீசரே சொல்லிகீறாரு. லட்சம் வருசத்துக்கு முன்ன உங்க பக்கத்துல ஆளுங்க குந்திகினு இத்தத்தான் கொத்திகினு இருந்தாங்களாம்" என்றார்.

ரயிலில் திரும்பும்போது ஏழுமலை விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தான். மாங்காய் அடித்த கற்களை என்று நினைக்கிறேன்.

நான்காம் நாள் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, என்னைப் பின்னால் உட்காரவைத்து முத்தாபுதுப்பேட்டைக்கு மிதித்தான். பாதி வழியில் டயர் பஞ்சரானது. மீதி வழியில் சைக்கிளை நாங்கள் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே ரோடு போடுவதற்காகச் செம்மண் சரளை தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆறேழு பெண்கள் கூடையில் அள்ளி லாரிக்குச் சுமந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் கன்னியம்மா என்ற நடுவயதுக்காரி. கல்லின் உருவத்தைத் தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன்.

"ஐயே, அந்தச் சனியனா? ஜல்லடைல நின்னுகினு பேஜார் பண்ணும். ஒடச்சாலும் ஒடயாது. அதோ பன மரத்தாண்ட கொட்டி வெச்சிகீறோம், போய்ப் பாரு" என்றாள்.

பனைமரத்துக்குக் கீழே ஆள் உயரத்துக்குக் கற்குவியல். மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து கிளறினேன். எனக்கு எல்லாக் கல்லும் ஆயுதமாகத் தெரிந்தது. ஒன்றைக் கையில் எடுத்து, "இதோ" என்பேன். ஏழுமலை வாங்கிப் பார்த்து, "வெறும் கல்லு அண்ணாத்தே" என்று தூக்கி எறிவான். ஒரே ஒரு நாள் மியூசியம் பார்த்துவிட்டு அவன் ஆபீசராகிவிட்டதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கழுத்து வெந்து, தொண்டை வறண்டு, லிம்மின் கைக்குட்டை கண்முன் வந்து போனது.

கூடையை இறக்கிவிட்டு கன்னியம்மா வந்தாள். "இன்னுமா கெடைக்கல? இத்தத்தானே தேடற?" என்று இடுப்புச் செருகலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். ஏழுமலையும் நானும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். மியூசியத்துக் கல்லுக்கு உடன்பிறந்தது மாதிரி இருந்தது.

"மம்முட்டில ஒட்டற களிமண்ண வழிக்க வெச்சிகினு இருந்தேன். ஷோக்கா வழிக்கும். நீ எட்துகினு போ, என்னாண்ட வேற ஒண்ணு கீது."

கையில் வாங்கினேன். அடிப்பக்கம் உள்ளங்கையில் சரியாக உட்கார்ந்தது. விரல்கள் தாமாகவே மடங்கின. எனக்கு முன்னால் இதைப் பிடித்த கை ஒன்று இருந்திருக்கிறது, அதற்கும் இதே இடத்தில்தான் கட்டைவிரல் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. கரித்தூள் விழுந்த கண் என்று ஏழுமலையிடம் சொல்லிச் சமாளித்தேன். கன்னியம்மாவுக்கு ஒரு வாசனை சோப்பு கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, கல் இருந்த இடத்தில் செருகிக்கொண்டாள்.

அன்று ராத்திரி கல்லை டவலில் சுற்றி என் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். விடிந்து பார்த்தால் டவல் மட்டும் இருந்தது. வீடு முழுக்கத் தேடி, கடைசியில் சமையல் மூலையில் தோசை மாவுப் பானையின் மூடி மேல் பார்த்தேன்.

"பூன வந்து மூடியத் தள்ளுது மாமா. வெயிட்டுக்கு வெச்சேன். சரியா குந்திகிச்சு" என்றாள் செண்பகம்.

"அது கல்லு இல்லம்மா, ஆயுதம். லட்சம் வருஷம்."

"அதான் கயுவிட்டு வெச்சேன்" என்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டே சட்டை மாட்டிய ஏழுமலை, "இத்த இப்டியே எட்துகினு போனா கப்பல்ல உருண்டுடும். எங்க மேஸ்திரியாண்ட சொல்லி ஷோக்கா ஒரு இரும்பு ஸ்டேண்டு அடிச்சுத் தரேன்" என்றான். யோசனை நன்றாகவே பட்டது. ஐந்தாம் நாள் அப்படித்தான் மண்ணூர்பேட்டைக்குப் போனேன்.

பட்டறை ஒரு நீளக் கொட்டகை. உள்ளே இரண்டு லேத், ஒரு சாணை, மூலையில் ஆளைவிட உயரமாக ஒரு பவர் பிரஸ். தகட்டை அடியில் வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி டின் மூடியாக வெட்டித் தள்ளும். கையைச் சரியான நேரத்தில் எடுக்காவிட்டால் கையையும் வெட்டும். மேஸ்திரி தணிகாசலத்துக்கு இடதுகையில் இரண்டு விரல்கள் இல்லை. அங்கே வேலை செய்த எட்டுப் பேரில் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு விரல் குறைவாக இருந்தது.  அந்த மூன்று பேரில் ஒருவரான லேத்காரர் ஆசையாகக் கல்லை வாங்கிப் பார்த்தார்.

"மொன மழுங்கிகீது வாத்தியாரே. ஒரு நிமிசம், சாண புடிச்சி பளபளன்னு குடுத்துடறேன்" என்று மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

நான் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எங்கும் ஓடியதில்லை. சாணைக்கும் கல்லுக்கும் நடுவே என் கையை விட்டேன். நல்லவேளை, மேஸ்திரி சுவிட்சை அணைத்தார். "உனக்கும் வெரல் போவணுமா?" என்று கேட்டுவிட்டு, கல்லைத் தன் வலதுகையில் வாங்கினார். காலிப்பரால் அதன் இரண்டு பக்கத்தையும் அளந்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை நின்று எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"இத்த செஞ்சவனாண்ட இன்னா மிசினு இருந்துது?" என்றார்.

"ஒண்ணும் கிடையாது மேஸ்திரி. இன்னொரு கல்தான்."

"ரெண்டு பக்கமும் ஒரே சமமா கீது பாரு. நல்ல ஃபிட்டரு." பிறகு கல்லின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இங்க பாரு. சுத்தியும் கொத்திகீறான். கை புடிக்கிற எடத்துல மட்டும் கொத்தல, மொழுக்குன்னு வுட்டுகீறான். ஏன் சொல்லு?"

 நான் படித்த பத்திரிகையில் அது இல்லை.

"புடிக்கிறவன் கைய வெட்டக் கூடாதுன்னு" என்றார்.  மேஸ்திரி மூலையில் இருந்த பிரஸ்ஸைப் பார்த்துவிட்டு, "அந்த ஆளுக்கு இருந்த புத்தி இத்த செஞ்ச கம்பெனிக்காரனுக்கும் இல்ல, வாங்கிப் போட்ட நம்ம மொதலாளிக்கும் இல்ல" என்றார். அளவு பார்த்து ஸ்டேண்டு செய்ய வேண்டும், கல் இங்கேயே இருக்கட்டும், நாளைக் காலை வந்து வாங்கிக்கொள் என்றும் சொன்னார். லேத்காரரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நான் ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் ஆயுத பூஜை என்பது எனக்குத் தெரியும். அன்று மூன்று மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

ஆறாம் நாள் பெட்டி படுக்கையோடு நானும் ஏழுமலையும் பட்டறைக்குப் போனபோது பதினொரு மணி. லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த தரையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தது. நேற்று க்ரீஸ் பூசியிருந்த ஆட்கள் இன்று வெள்ளைச் சட்டையில் திருநீறோடு நின்றதால் பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை. சாமி படத்துக்கு முன் சிவப்புத் துணி விரித்து ஸ்பேனர், சுத்தியல், அரம், காலிப்பர் எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவே, எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டோடு, மேலே ஒரு சாமந்திப் பூவோடு, என் கல்.

தீபாராதனை முடிந்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள்.  என் ஊரில் கோயிலில் மட்டும்தான் பூஜை பார்த்திருக்கிறேன். ஸ்பேனருக்கு ஒருவர் கைகூப்பி நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அந்த வரிசையில் நடுவே உட்காரக் கல்லுக்கு உரிமை இருக்கிறது என்றும் பட்டது. மணி பன்னிரண்டாகிவிட்டது. மேஸ்திரியிடம் போனேன்.

"நான் கிளம்பணும் மேஸ்திரி. கல்லைக் கொடுத்தீங்கன்னா..."

"கல்லு எங்க வரும் வாத்தியாரே? பூஜைல கீதே. நாளைக்கு மறுபூஜ போட்டு தீபம் காட்டி அப்பாலதான் எடுப்போம். இன்னிக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் கூட இங்கேர்ந்து நவுறாது."

"நாளைக்கு நான் நடுக்கடல்ல இருப்பேன்."

ஏழுமலை என் பெட்டியைக் கீழே வைத்தான். "மேஸ்திரி, அண்ணாத்தே இதுக்கோசரம்தான் வந்துது. அங்க பள்ளிக்கொடத்துல புள்ளைங்க கேட்டுகினு கீதுங்களாம். கப்பல் நிக்காது" என்று கெஞ்சினான். மற்ற ஆட்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் அலமாரியைப் பற்றியும் குத்துவிளக்கைப் பற்றியும் லிம்மின் கைக்குட்டையைப் பற்றியும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கைக்குட்டை விஷயத்தில் லேத்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. மேஸ்திரி மட்டும் சுண்டல் தொன்னையைப் பார்த்தபடி யோசித்தார்.

"ஒரு வழி கீது" என்றார் கடைசியில். "பூஜைல வெச்ச ஆயுதத்தத்தான் எடுக்கக் கூடாது. கல்ல எடுக்கலாம். நீ சாமி முன்னால நின்னு, இது ஆயுதம் இல்ல, வெறும் கல்லுதான்னு ஒரு வார்த்த சொல்லிடு. நானே எட்துக் குடுக்கறேன்."

அவர் என்னை மடக்கவில்லை. உதவிதான் செய்தார். ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. சிவப்புத் துணிக்கு முன்னால் போய் நின்றேன். ஏழுமலையோடு எட்டுப் பேரும் பின்னால் நின்றார்கள். ஏழுமலையிடமும் செண்பகத்திடமும் தொண்டை கிழிய நான் சொல்லிவந்தது ஒன்றே ஒன்று: இது கல் இல்லை, ஆயுதம். இப்போது அதை மாற்றிச் சொன்னால் தட்டு நிறையும். சொல்லாவிட்டால் லிம் துடைப்பார்.

"இது..." என்று ஆரம்பித்தேன். கல்லின் அடிப்பக்கம், அந்த மழமழப்பு, என் கண்ணுக்கு நேராக இருந்தது. திரும்பிப் பார்த்தால் மேஸ்திரி தன் குறைவிரல் கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இது ஆயுதம்தான் மேஸ்திரி" என்றேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"எனக்குத் தெரியும். இந்தா, இன்னும் கொஞ்சம் சுண்டல் துன்னு" என்றார் அவர். பிறகு மூலையிலிருந்து பச்சைப் பெயிண்ட் அடித்த அழகான சின்ன இரும்பு ஸ்டேண்டை எடுத்து என் கையில் வைத்தார். "ஸ்டேண்டு ஆயுதம் இல்ல. இத்த எட்துகினு போ."

துறைமுகத்தில் பெட்டியைச் சோதித்த அதிகாரி ஸ்டேண்டை வெளியே எடுத்தார். இது எதற்கு என்று கேட்டார். கல் வைப்பதற்கு என்றேன். கல் எங்கே என்றார். பூஜையில் இருக்கிறது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் பெட்டியை மூடிவிட்டார். "மறுபூஜ முடிஞ்ச ஒடனே பார்சல் போட்டுடறேன் அண்ணாத்தே" என்று ஏழுமலை கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினான். ஏழு நாள் மறுபடியும் வாந்தி.

பள்ளி திறந்தது. பார்சல் வரும், பார்சல் வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். லிம்மின் கைக்குட்டை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து ஏழுமலையிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது. நலம் விசாரிப்பு முடிந்ததும் விஷயத்துக்கு வந்திருந்தான்.

மறுபூஜை அன்று மேஸ்திரி கல்லைத் துடைத்து எடுத்து, நேராக முதலாளி அறைக்குப் போய் மேசைமேல் வைத்திருக்கிறார். பிரஸ்ஸுக்குள் கை போகாமல் தடுப்புக் கம்பி போடுங்கள் என்று ஆட்கள் வருஷக்கணக்காகக் கேட்டும், வேலை தாமதமாகும் என்று முதலாளி தட்டிக்கழித்து வந்தாராம். "லச்சம் வருசத்துக்கு முன்ன, துணி கட்டக்கூடத் தெரியாத ஒருத்தன், புடிக்கிறவன் கைய வெட்டக் கூடாதுன்னு ரோசன பண்ணிகீறான் மொதலாளி. நீங்க பேண்ட் சட்ட போட்டுகினு கீறீங்க" என்று மேஸ்திரி கேட்டாராம். முதலாளி கல்லைக் கையில் பிடித்துப் பார்த்தாராம். இரண்டாம் வாரம் கம்பி வந்துவிட்டது. கல் இப்போது பிரஸ் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முதலாளி கம்பியைக் கழற்றச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மேஸ்திரி அதை அங்கிருந்து எடுப்பதில்லை. கடிதம் இப்படி முடிந்தது: 'மேஸ்திரி உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார். உன் பொருள். நீ அனுப்பு என்று எழுதினால் அடுத்த நாளே அனுப்பிவிடுகிறோம்.'

அலமாரி முன்னால் நின்றுதான் இதைப் படித்தேன். முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்லமாட்டேன். என் கல், என் வெயில், என் ஏழு நாள் வாந்தி. அன்றே ஒரு தபாலில் 'அனுப்பு' என்று எழுதி, மடித்து, பசை தடவினேன். பள்ளிக்கூட மணியை அடிக்கும் ஆளின் கைகள் அப்போது கண்ணில் பட்டன. பத்து விரலும் இருந்தன. தபாலைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'அங்கேயே இருக்கட்டும்' என்று வேறொன்று எழுதினேன்.

மறுநாள் பச்சை ஸ்டேண்டை எங்கள் தட்டில் வைத்தேன். அதன்மேல் ஒன்றும் இல்லை. முன்னால் மூன்று மொழியிலும் ஒரு சீட்டு எழுதி நிறுத்தினேன்: 'கல்லாயுதம். கிடைத்த இடம்: முத்தாபுதுப்பேட்டை, மதராஸ். வயது: லட்சம் வருஷத்துக்கு மேல். மண்ணூர்பேட்டையில் வேலையில் இருப்பதால் வர இயலவில்லை.'

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக நின்று படித்தார்கள். நான் பயந்தபடி யாரும் சிரிக்கவில்லை. "சார், அது காலை ஷிப்டா, மத்தியான ஷிப்டா?" என்று மட்டும் ஒரு பெண் கேட்டாள். இரண்டும்தான் என்றேன்.

மத்தியானம் லிம் வந்தார். கைக்குட்டையைக் கையில் எடுத்துவிட்டுத்தான் சீட்டைக் கவனித்தார். ஒரு முறை படித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.